ப்ளஸ் டூ முடித்த டெல்டாப் பிள்ளைகளுக்கு: எந்தப் படிப்பு என்று எப்படி முடிவு செய்வது, யாரிடம் கேட்பது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே யோசனை சொல்ல ஆள்கள் வந்துவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா போன் போட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதுவும் வேண்டாம்" என்பார். டீக்கடையில் யாரோ அப்பாவிடம் "நர்சிங் சேர்த்துவிடுங்க, உடனே வேலை" என்று சொல்லியிருப்பார்கள். ஏதோ ஒரு கல்லூரியின் சார்பில் ஓர் அக்கா தினமும் அழைத்து, பஸ் இலவசம், லேப்டாப் இலவசம் என்று அடுக்குவார். இவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் மதிப்பெண்ணும் வீட்டு நிலவரமும் அவர்களுக்கு முழுதாகத் தெரியாது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம், வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் படிப்பையும் கடைசியிலிருந்து பார்க்க வேண்டும். அதை முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், அந்தப் பட்டத்தை வைத்து எந்த வேலைக்கு விண்ணப்பம் போட முடியும், அதுவரை வீட்டிலிருந்து எவ்வளவு பணம் போகும். இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு கல்லூரியின் பெயரைப் பேசலாம்.

முதலில் ஒரு தாள்

யாரிடம் போய்க் கேட்பதற்கு முன்பும் ஒரு தாளில் உங்கள் நிலவரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ப்ளஸ் டூவில் என்ன குரூப், ஒவ்வொரு பாடத்திலும் என்ன மதிப்பெண், ஆறாம் வகுப்பிலிருந்து எந்த மாதிரிப் பள்ளியில் படித்தீர்கள், தமிழ் வழியா ஆங்கில வழியா, வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி யாராவது உண்டா, ஹாஸ்டலில் தங்க வீட்டில் விடுவார்களா, ஆகஸ்டுக்குள் எவ்வளவு பணம் புரட்ட முடியும். கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தயங்குவார்கள். கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம்.

அதே தாளில் கட் ஆஃபையும் போடுங்கள். பொறியியலுக்குக் கணிதம் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50-க்கு. மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92, 42, 44 கூட்டி 178. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் முதன்மைப் பாடங்கள் நான்கின் மதிப்பெண்ணை 400-க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண். அதனால் மொத்தம் 600-க்கு எத்தனை என்று மட்டும் சொல்லி "எனக்கு எது கிடைக்கும்?" என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களாலும் பதில் சொல்ல முடியாது.

ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடும் கதவுகள்

இது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. சில நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் தேதி, பொதுத் தேர்வு ரிசல்ட் வருவதற்குள்ளேயே முடிந்துவிடும். திருவாரூர் பக்கம் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இளநிலைப் படிப்பில் சேர கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மே மாதம் மார்க் ஷீட்டோடு போய் நின்றால் ஒன்றும் நடக்காது. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் (நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது, இன்று நிஃப்டெம்), திருச்சி துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) இரண்டுக்கும் ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு. சட்டம் படிக்க நினைத்துத் திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தைக் குறி வைத்தால் கிளாட். அது டிசம்பரிலேயே நடந்துவிடும்.

என்.ஐ.டி.யில் பாதி இடம் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. துவாக்குடி வழியாக பஸ்ஸில் போய்வருகிற பல குடும்பங்களுக்கு இது தெரியாது என்பது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

கடைசியிலிருந்து பார்ப்பது

வீட்டில் "அரசு வேலை" என்பதுதான் ஆசையென்றால், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) பழைய அறிவிக்கை ஒன்றைத் தரவிறக்கி, கல்வித் தகுதி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 1, குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அப்படியானால், அந்தத் தேர்வு எழுதத்தான் போகிறோம் என்று முடிவு செய்த பிள்ளை, பல லட்சம் செலவழித்து விருப்பமே இல்லாத பொறியியல் பிரிவில் சேர வேண்டிய அவசியம் இல்லை. தஞ்சையில் மன்னர் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க. கல்லூரி, மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி கல்லூரி எல்லாமே அரசுக் கல்லூரிகள்தான். குறைந்த கட்டணத்தில் பட்டமும் கிடைக்கும், மூன்று ஆண்டு தயாராக நேரமும் கிடைக்கும்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வாணைய வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கப்படும் தகுதி வரை முழுதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டம் கேட்கும் வேலையென்றால் பட்டமும் தமிழ் வழி. கௌரவத்துக்காக ஆங்கில வழிக்கு மாறுவதற்கு முன் இதை யோசியுங்கள். ஐ.டி. கம்பெனிதான் குறி என்றால் கணக்கு வேறு, அப்போது ஆங்கில வழி உதவும்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இன்று பல கல்லூரிகளில் மூன்று நான்கு சொல் சேர்த்துப் புதுப் புதுப் பெயரில் பட்டங்கள். கேட்க நன்றாக இருக்கும். பின்னால் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கோ வேறு துறைக்கோ விண்ணப்பிக்கும்போது, "இது கேட்கப்பட்ட பட்டத்துக்கு இணையானதா?" என்று கேட்பார்கள். இணையானது என்று அரசாணை இருந்தால் சரி. இல்லையென்றால் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே நிற்க வேண்டி வரும். ஆசிரியர் ஆகத்தான் ஆசையென்றால் கணிதம், இயற்பியல், வரலாறு என்று ஒற்றைப் பெயருள்ள பழைய பட்டமே பத்திரம். இதில் புதுமை தேவையில்லை என்பது என் கட்சி.

மருத்துவம் சார்ந்த படிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். என்ற அங்கீகாரம் பெற்ற நர்சிங் டிப்ளமோ மூன்று ஆண்டு. இரண்டுக்கும் நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்கும். மாடிக் கட்டடத்தில் போர்டு மாட்டி ஒரே வருடத்தில் "நர்சிங் டிப்ளமோ" தருகிறவர்களிடம் படித்தால் பதிவு கிடைக்காது. காலம் முழுக்க உதவியாளர் சம்பளம்தான். சேருவதற்கு முன் கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

எனக்குத் தெரிந்து மிகச் சரியான யோசனை, அதே கல்லூரியில் அதே பிரிவில் படித்து முடித்து இரண்டு வருடம் ஆனவர்களிடமிருந்து வரும். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் கல்லூரியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அல்லது கேன்டீன் சரியில்லை என்று ஒரேயடியாகத் திட்டுவார்கள். படித்து முடித்து இருபது வருடம் ஆனவர் சொல்வது வேறு காலத்துக் கதை. உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் பழைய மாணவர்களின் எண் கிடைக்கும். அப்படி ஒருவர் கிடைத்தால், "காலேஜ் எப்படி அண்ணே?" என்று கேட்காதீர்கள். "நல்லாருக்கும்பா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

"அண்ணே, உங்க கிளாஸ்ல சேர்ந்தவங்க எத்தனை பேர், அரியர் இல்லாம முடிச்சவங்க எத்தனை பேர்? பிளேஸ்மென்ட்னு சொன்னாங்களே, அது உங்க டிபார்ட்மென்ட்டுக்கும் வந்துச்சா? வந்த கம்பெனியில எவ்வளவு மாசம் வேலை பார்த்தாங்க? ஃபீஸ் தவிர வருஷத்துக்கு வேற என்னென்ன கட்டச் சொன்னாங்க? இப்ப மறுபடி சேரணும்னா இதே பிரிவுலதான் சேருவீங்களா?"

கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னால், அந்தப் பதிலைத் தாளில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கேட்ட பிறகு ஒரு படம் தெளியும். ஒருவர் சொன்னதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம், சிங்கப்பூர் மாமா உட்பட.

பொறியியல் கல்லூரி என்றால் இன்னொரு வழியும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காடு பருவத்துக்குப் பருவம் வெளிவருகிறது. நூற்றுக்கு முப்பது பேர் மட்டும் தேறுகிற கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்து என்ன பயன்?

நம் பக்கத்திலேயே இருப்பவை

சென்னையும் கோவையும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் விவசாயம், மீன், கால்நடை, உணவு என்று டெல்டாவின் தொழிலோடு ஒட்டிய படிப்புகள் பெரும்பாலும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் ஈச்சங்கோட்டையிலும் கீழ்வேளூரிலும் உண்டு, திருச்சி நாவலூர் குட்டப்பட்டிலும் உண்டு. லால்குடி பக்கம் குமுளூரில் வேளாண் பொறியியல். பி.எஸ்சி. அக்ரி முடித்தவர்களுக்கு வேளாண் அலுவலர் தேர்வு, வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வு, உர, விதை நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. தனியார் கல்லூரியில் அக்ரி சேர்வதாக இருந்தால் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வீட்டில் நிலம் இருப்பதால் மட்டும் அக்ரி படிப்பது பொருத்தம் என்று ஆகாது. வகுப்பில் பூச்சியியல், மரபியல், புள்ளியியல் எல்லாம் வரும்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. நீட் எழுதாமல் டாக்டர் ஆக முடியாது என்று நொந்துபோன பயாலஜி பிள்ளைகள் பலருக்கு, கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில்தான் நிரப்பப்படுகின்றன என்பது தெரிவதில்லை. கட் ஆஃப் மிக உயரத்தில் நிற்கும், போட்டி கடுமை. இருந்தாலும் விண்ணப்பிப்பதில் என்ன நஷ்டம்? மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டி வேறெங்கோ பி.காம். படிக்கப் போவதை அடிக்கடி பார்க்கலாம். பி.காம். மோசமில்லை, ஆனால் இது ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டுப் போக வேண்டும்.

வரையத் தெரிந்தவர்களுக்குக் கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி, பாட்டும் நாகசுரமும் கற்றவர்களுக்குத் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி. சமையலில் கை தேர்ந்தவர்களுக்குத் துவாக்குடியில் ஓட்டல் மேலாண்மை நிறுவனம். அரசுப் பொறியியல் கல்லூரி செங்கிப்பட்டியில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் திருக்குவளையிலும் பட்டுக்கோட்டை ராஜாமடத்திலும் இருக்கின்றன. காமர்ஸ் குரூப் பிள்ளைகள் பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. (ஆடிட்டர்) படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். முதல் முயற்சியில் தேறாதவர்கள் நிறைய. ஆனால் செலவு குறைவு, ஊரை விட்டுப் போகவும் தேவையில்லை.

கலை அறிவியல் படிப்பில் சேருகிறவர்கள் மொழிப் பாடத்தை இளக்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு பருவத்தில் விழும் அரியர்களில் ஆங்கிலத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்த இராமானுஜனே கணிதத்தில் மூழ்கி, ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தவர்தான்.

கலந்தாய்வு: விருப்பப் பட்டியல் போடும் கலை

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணைய வழியில் நடக்கிறது. இங்கேதான் பிள்ளைகள் அதிகம் இடறுகிறார்கள்.

விண்ணப்பம் போட பிரௌசிங் சென்டருக்குப் போனால், பதிவு செய்யும் கைபேசி எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்க வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைக் கொடுத்துவிடுவார். பிறகு ஓ.டி.பி. அவருக்குப் போகும், ஒதுக்கீட்டுச் செய்தியும் அவருக்கே போகும். பாஸ்வேர்டையும் யாரிடமும் விட்டுவராதீர்கள். உங்கள் பட்டியலில் எதை மேலே வைப்பது என்பதில் ஆர்வம் காட்டும் ஆள்கள் ஊரில் உண்டு.

பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ரேஷன் கடை வரிசை மாதிரிதான் இது: உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதிக் கொடுத்த வரிசையில் முதலில் எது மிச்சம் இருக்கிறதோ அது உங்களுக்கு. ஆகவே கிடைக்காது என்று தோன்றினாலும் மிகப் பிடித்ததை மேலே போடுங்கள். அதனால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஐந்தாறு கல்லூரி மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால்தான் ஆபத்து. சென்ற ஆண்டு உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியும் எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் கட் ஆஃபுக்கு மேலே கொஞ்சம், ஒட்டிக் கொஞ்சம், கீழே தாராளமாக என்று எடுத்துக் கோத்துவிடுங்கள். கல்லூரியின் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்லக் குறுகிய அவகாசம்தான் தருவார்கள். ஏற்றுக்கொள்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் என்ற மாதிரி வாய்ப்புகள் வரும். அந்த நாள்களில் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போனால் கைபேசியோடு போங்கள்.

பிரிவா, கல்லூரியா என்று கேட்பார்கள். கல்லூரி சுமாராக இருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பதைவிட, நல்ல அரசுக் கல்லூரியில் சிவிலோ மெக்கானிக்கலோ கிடைப்பது மேல் என்பேன். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. சண்டை போட நான் தயாரில்லை.

பணம்

ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம். வீட்டில் இருக்கும் பணம் எல்லாம் அந்தச் சமயத்தில் குறுவை நாற்றங்காலிலும் உரத்திலும் இறங்கிவிடும். சம்பா நெல் விற்ற காசு பங்குனிக்குள் செலவாகியிருக்கும். குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காசு கைக்கு வர புரட்டாசி, ஐப்பசி ஆகும். கல்லூரிக் கட்டணமோ ஆடிக்குள் கட்ட வேண்டும். டெல்டாவில் நகைக் கடன் கவுண்டரில் அந்த மாதங்களில் கூட்டம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே முதல் ஆண்டுப் பணத்தைப் பற்றி மாசி, பங்குனியிலேயே வீட்டில் பேசிவிடுங்கள்.

நான்கு ஆண்டுக் கணக்கைச் சேர்த்தே போடுங்கள். கல்விக் கட்டணம், பஸ் அல்லது ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், புத்தகம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் முதல் ஆண்டுத் தொகையை மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டு ஏற்றுவது உண்டு. எல்லா ஆண்டுக்குமான கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலியவற்றில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்று கொண்டுவரப்பட்டது. மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. சேரும் ஆண்டில் நடப்பில் உள்ள விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கைத் தயாராக வையுங்கள்.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று வாங்கிக் கட்டணச் சலுகை பெறலாம். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அது செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் செலவில்லை. இடம் நிரம்புவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்க வழி உண்டு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வங்கியில் "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால், விண்ணப்பத்தை வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்திலும் பதிந்து, அந்த எண்ணோடு மறுபடி போங்கள்.

மதிப்பெண் குறைவு, பணமும் குறைவு என்றால் பாலிடெக்னிக்கைத் தள்ளிவிடாதீர்கள். ப்ளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவை நன்றாக முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரி. சுற்று வழிதான், ஆனால் கையில் தொழில் இருக்கும்.

சான்றிதழ்களும் சேர்க்கை நாளும்

சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். மே கடைசியில் ஊரே அங்கே நிற்கும். பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். தந்தை பெயரில் ஒரு எழுத்து மாறியதற்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்கள் ஏராளம்.

பொறியியல் ஒதுக்கீடு வருவதற்குள் அரசுக் கலைக் கல்லூரியில் கலந்தாய்வு முடிந்துவிடலாம். அங்கே ஓர் இடத்தில் சேர்ந்து வைத்துக்கொள்வது நல்லதுதான். பிறகு மாறுவதாக இருந்தால் டி.சி. வாங்க வேண்டும், அதற்கு ஓரிரு நாள் ஒதுக்குங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. "முதல்ல சர்ட்டிபிகேட்டக் கொடுங்க, சீட்டை பிளாக் பண்ணிடறோம்" என்று யாராவது சொன்னால் ஜெராக்ஸை மட்டும் நீட்டுங்கள். கட்டிய எந்தத் தொகைக்கும் கல்லூரிப் பெயர் போட்ட ரசீது வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் கட்டாமல் எழுந்து வாருங்கள். கூட வந்த அப்பா சங்கடப்பட்டாலும் பரவாயில்லை.